பர்கூர் ரோட்டில் ஒரு ‘85’ மர்மம்!

பர்கூர் என்றதும் ‘ஹை... மாடு!’ என்று கத்தினால் நீங்கள் அவுட். செம்பழுப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு முறைக்கிற அந்த மாடு, ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலைக்காரர். நாம் இறங்கப்போவது கிருஷ்ணகிரி மாவட்டத்து பர்கூரில். சென்னையில் இருந்து பெங்களூரு போகிற நெடுஞ்சாலையில், வாணியம்பாடி தாண்டி கிருஷ்ணகிரிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். இறங்கினால் எங்கே பார்த்தாலும் ஜவுளிக் கடை. ‘குட்டி சூரத்’ என்று பட்டப்பெயரே உண்டு. முகூர்த்த சீசனில் வேன் பிடித்து வந்து, மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். 1994-ல் ஆரம்பித்த அரசு பொறியியல் கல்லூரியும் இங்கேதான். க்விஸ் பார்ட்டிகளுக்கு ஒரு கொசுறு... 1991-ல் ஜெயலலிதா ஜெயித்ததும், 1996-ல் தோற்றதும் இதே பர்கூர் தொகுதியில்!

டீக்கடை பெஞ்சில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். ஒரு பக்கம் ஆந்திரா, இன்னொரு பக்கம் கர்நாடகா. ஆனால், இந்த ரோட்டில் நாலாவதாக ஒரு பாஷையும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்தமே வராது. மாம்பழக்கூழ் ஃபேக்டரியின் சுவரில், ஆரம்ப சுகாதார நிலையத்தின் தடுப்பூசி ஃப்ரிட்ஜில், மழைமானியின் கம்பத்தில், போச்சம்பள்ளி பக்கம் 2021-ல் ஆரம்பித்த ஓலா ஆலையில் இருந்து வெளியே வரும் ஸ்கூட்டரின் பேட்டரிக்குள்ளே... எங்கெங்கோ உட்கார்ந்து, ‘இப்போ இவ்வளவு, இப்போ இவ்வளவு’ என்று நம்பர்களாகவே பேசுகிற பாஷை. அதைப் பேசுகிற பார்ட்டியின் பேர், டேட்டா லாகர்.

வேலை சிம்பிள்தான். சென்சார் சொல்வதைக் கேட்கும். பக்கத்தில் தேதி, நேரம் போடும். மெமரியில் எழுதும். திரும்ப முதலில் இருந்து. அந்தக் காலத்தில் இதே வேலையை வட்டமான கிராஃப் பேப்பரும் ஒரு மை பேனாவும் செய்தன. பேனாவில் மை தீர்ந்தால் கோடு நிற்கும். யாருக்கும் பார்த்தவுடனே புரியும். இப்போது வந்திருக்கிற பெட்டிக்கு மை தீராது. அதனால் ரிப்பேர் ஆனாலும் எழுதிக்கொண்டே இருக்கும். பிரச்னையே அங்கேதான் ஆரம்பம்!

மே முதல் ஜூலை வரை கிருஷ்ணகிரி பக்கம் வந்து பாருங்கள். மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டரும் லாரியும் க்யூ கட்டி நிற்கும். பெரும்பாலும் தோத்தாபுரி. லோக்கலில் ‘பெங்களூரா’. மூக்கு நீட்டிய அதே கிளிமூக்கு மாங்காய்தான். கூழாக்கி, கொதி சூட்டில் கிருமி நீக்கி, டின்னிலோ பையிலோ அடைத்து வெளிநாடு வரைக்கும் அனுப்புகிறார்கள். வாங்குகிறவர் முதலில் கேட்பது ருசியை இல்லை பாஸ். ‘இந்த பேட்ச் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் இருந்தது? ரெக்கார்ட் காட்டு’ என்பார். ரெக்கார்டில் சந்தேகம் வந்தால் அந்த பேட்ச் ஓரங்கட்டப்படும். ஃபேக்டரி திணறினால் வாசலில் நிற்கிற டிராக்டருக்கும் சிக்கல். மாங்காய் காத்திருக்காது, அழுகிவிடும். 2025 சீசனில் விலை சரிந்து, மத்திய அரசு தலையிட வேண்டும் என்று மாநில அரசே கேட்கிற நிலைமை. அப்படிப்பட்ட சந்தையில் ஒரு பேட்ச் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு ஃபேக்டரிக்குள் போனேன். பேர் வேண்டாம். அங்கே ஒரு நைட் ஷிஃப்ட் ஆபரேட்டர் அண்ணன் செம டென்ஷனில் இருந்தார். சூடாக்குகிற டேங்க்கில் ஃபேக்டரியின் சொந்த மீட்டர் போக, கூடுதலாக ஒரு குட்டி லாகர் மாட்டியிருந்தார்கள். ஏதோ ஒரு காலேஜ் பசங்க மினி புராஜெக்டாகச் செய்து கொடுத்த ஆர்டினோ ஐட்டம். முந்தின நாள் ராத்திரி முழுக்க அது எழுதி வைத்திருந்தது ஒரே நம்பர். 85. அதற்கு அடுத்தும் 85. விடிகிற வரை 85!

மேலே இருந்து வந்த கேள்வி இது. “ராத்திரி பூரா புள்ளி மாறாம 85 எப்படிய்யா நிக்கும்? நீயா போட்டு வெச்சுட்டு தூங்கிட்டியா?”

அண்ணன் என்னிடம் சொன்னது இது. “தம்பி, நான் அரை மணிக்கு ஒருக்கா கண்ணாடி தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டுல எழுதியிருக்கேன். 91, 92, 90, 91னு இருக்குது பாரு. இந்தப் பொட்டிதான் பொய் சொல்லுது. ஆனா பொட்டி சொன்னா நம்புவாங்க, நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

எலெக்ட்ரானிக்ஸ் லேபில் கை வைத்தவர்களுக்கு இந்நேரம் பொறி தட்டியிருக்குமே? அதில் இருந்தது டி.எஸ்.18பி20 சென்சார். ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும். எல்லா புராஜெக்டிலும் அதுதான் ஹீரோ. அதற்கு ஒரு குணம் உண்டு. கரன்ட் வந்தவுடன், இன்னும் ஒரு தடவைகூட அளக்காத நிலையில், அதன் வயிற்றில் இருக்கிற நம்பர் +85 டிகிரி. முழு துல்லியத்தில் ஒரு தடவை அளந்து முடிக்க முக்கால் செகண்ட் வரை அதற்கு டைம் வேண்டும். அதற்குள் கேட்டாலோ, அளக்கும்போது கரன்ட் பற்றாமல் ரீசெட் ஆனாலோ, அந்த 85-ஐயே தூக்கிக் கொடுத்துவிடும். இங்கே வயர் மிச்சம் பிடிக்க, மூன்று வயர் வேண்டிய இடத்தில் இரண்டே வயரில், டேட்டா லைனில் இருந்தே கரன்ட் உறிஞ்சிக்கொள்கிற மாதிரி மாட்டியிருந்தார்கள். வயரோ நீளம். சென்சார் ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கி விழுந்து, எழுந்து, ‘85’ என்றது.

இதே சென்சார் ஒரு மீன் தொட்டியில் 85 காட்டியிருந்தால் அஞ்சாங்கிளாஸ் பையன்கூட சிரித்திருப்பான். மாங்கூழ் டேங்க்கில் 85 நியாயமான நம்பராகத் தெரிந்தது. அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வயர் மொத்தமாக அறுந்தால் பல புரோகிராம்களில் மைனஸ் 127 வரும். அது ரொம்ப நல்ல தப்பு! கத்திச் சொல்கிற தப்பு. 85, மெதுவாகச் சிரிக்கிற தப்பு.

கண்டுபிடித்தது எப்படி? லேப்டாப்பும் வேண்டாம், கோடிங்கும் வேண்டாம். ஒரு எவர்சில்வர் டம்ளரில் நொறுக்கின ஐஸும் கொஞ்சம் தண்ணியும். சென்சாரை முக்கிக் கலக்கினால் கிட்டத்தட்ட 0 காட்ட வேண்டும். பெட்டி அசராமல் 85 என்றது. கேஸ் முடிந்தது.

அங்கே வந்திருந்த சீனியர் எலெக்ட்ரீஷியன் ஒரே ஒரு ரூல் வைத்திருந்தார். “பொட்டியைத் திறக்காத. மொதல்ல சென்சார்கிட்ட போ, அப்புறம் வயர், கடைசியாத்தான் பொட்டி.” நம் ஆட்கள் செய்வது நேர் உல்டா. முதலில் சாஃப்ட்வேரை ரீ-இன்ஸ்டால் பண்ணுவோம்!

பெரிய லைன்களில் இருப்பது பி.டி-100 என்கிற பிளாட்டினம் சென்சார். பேரிலேயே விடை இருக்கிறது. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். லாகரில் இருந்து கழற்றி மல்டிமீட்டரை வையுங்கள். 30 டிகிரி ரூமில் சுமார் 111.7 ஓம் வர வேண்டும். வந்தால் சென்சார் நல்லவர். இரண்டு வயரில் இணைத்த இடத்தில் டெர்மினல் ஸ்க்ரூ துருப்பிடித்து, வெறும் 1 ஓம் கூடினால் போதும், ரீடிங் இரண்டரை டிகிரி ஏறிவிடும். எந்தப் பக்கம் ஏறுகிறது என்பதை கவனியுங்கள். உள்ளே 88 இருக்கும்போது பெட்டி 90-க்கு மேல் காட்டும். வேகாததை வெந்தது என்று சொல்கிற தப்பு! மூன்று வயர் இணைப்பு இருப்பதே வயரின் ஓம்களைக் கழித்துவிடத்தான்.

அமெரிக்காவில் அமிலம் குறைந்த டின் உணவுகளுக்கான சட்டத்தில் இதற்கென்றே ஒரு வரி வைத்திருக்கிறார்கள். பதிவுக் கருவி காட்டுவது, பக்கத்தில் இருக்கிற துல்லியமான தெர்மாமீட்டர் காட்டுவதைவிட எந்தக் காரணம் கொண்டும் அதிகமாக இருக்கக் கூடாது. மாங்கூழ் புளிப்புப் பார்ட்டி, அந்த வகையில் சேராது. ஆனாலும் அந்த வரியின் லாஜிக் எனக்குப் பிடித்திருக்கிறது. தப்பு பண்ணுவதாக இருந்தால், ஆபத்தில்லாத பக்கம் பண்ணு!

அப்புறம் தெர்மோகப்பிள். இதில் இருக்கிற காமெடி, சிவப்பு வயர். நமக்கு சிவப்பு என்றால் பிளஸ். அமெரிக்க ஸ்டாண்டர்டில் தெர்மோகப்பிளின் சிவப்பு, மைனஸ்! கே-டைப்பில் மஞ்சள்தான் பிளஸ். மாற்றி மாட்டினால், சூடு ஏற ஏற ரீடிங் இறங்கும். இன்னொரு கூத்து, நீளம் பற்றவில்லை என்று சாதா காப்பர் வயரை ஒட்டுப்போடுவது. ஒட்டுப்போட்ட இடத்தின் சூடும் கணக்கில் நுழைந்துவிடும். காலையில் ஒரு ரீடிங், மத்தியானம் வெயிலில் ஒரு ரீடிங் என்று ஆட்டம் காட்டினால், ஒட்டைத் தேடுங்கள்.

கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டோம். நேராக ஓசூர் போவதற்கு முன்னால், எதிர்த் திசையில் மத்தூர் வழியாக ஊத்தங்கரைக்கு ஒரு எட்டு. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. கடலே இல்லாத ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை! ரோட்டில் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் உருண்டதை டி.வி-யில் பார்த்திருப்பீர்கள்.

அந்த மாதிரி ராத்திரியில்தான் தானியங்கி மழைமானிக்கு ஃபைனல் எக்ஸாம். உள்ளே சீஸா மாதிரி இரண்டு குட்டிக் கரண்டிகள். ஒரு பக்கம் நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மறுபக்கம் நிரம்ப ஆரம்பிக்கும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு காந்த சுவிட்ச் ‘டிக்’ என்று லாகரிடம் சொல்லும். ஒரு டிக் 0.2 மி.மீ. என்றால், 50 செ.மீ. மழைக்கு 2,500 டிக். பேய் மழையில், கரண்டி சாய்கிற அந்த ஒரு நொடியில் விழுகிற தண்ணீர் கணக்கில் வராது. அதனால் கொட்டுகிற மழையை இந்தக் கருவிகள் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்லும். இன்னொரு எதிரி, சிலந்தி. புனலுக்குள் வலை கட்டிவிடும். வேப்பிலை, குருவிக் கழிவு சேர்ந்தால் அடைப்பு. வெளியே வெள்ளம் ஓடும், லாகர் ‘மழை 0’ என்று சாந்தமாக எழுதும். மழை நின்றபிறகு அடைப்பில் இருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, வெயில் அடிக்கும்போது மழை பெய்ததாகவும் எழுதும்!

டெஸ்ட் பண்ண ஒரு அரை லிட்டர் பாட்டில் போதும். புனல் 20 செ.மீ. குறுக்களவு என்றால், அரை லிட்டர் தண்ணீர் சுமார் 16 மி.மீ. மழைக்குச் சமம். அடியில் ஊசி ஓட்டை போட்டு மெதுவாகச் சொட்ட விடுங்கள். ஒரே ஊற்றாக ஊற்றினால் கணக்கு தப்பும். 0.2 மி.மீ. கருவியில் 80 டிக் பக்கத்தில் வந்தால் பாஸ்.

கருவி பாஸ், ஆனாலும் பேப்பரில் வந்த மழை அளவோடு உங்கள் லாகர் ஒத்துப்போகவில்லையா? அடித்துக்கொள்ளாதீர்கள். வானிலைத் துறையின் ‘மழை நாள்’ காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. உங்கள் பெட்டி ராத்திரி 12 மணிக்கு நாளை மாற்றிக்கொண்டிருக்கும். இரண்டு பேருமே கரெக்ட், மழையை வெட்டுகிற இடம்தான் வேறு.

இப்போது திரும்பி, ஓசூர் பஸ். சூளகிரி தாண்டி மேலே ஏற ஏற காற்று மாறும், ஜன்னலோரம் ஸ்வெட்டர் தேடும். கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டர் பக்கம் உயரம். இங்கே ஒரு லோக்கல் ஸ்பெஷல் தப்பு இருக்கிறது. சென்சாரை சரிபார்க்க, கொதிக்கிற தண்ணீரில் வைத்து ‘100 காட்டணும்’ என்று அட்ஜஸ்ட் பண்ணுவோமே... ஓசூரில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்! காற்றழுத்தம் குறைவு. 97 காட்டின நல்ல சென்சாரைப் பிடித்து 100 ஆக்கினால், அன்றையில் இருந்து எல்லா ரீடிங்கும் 3 டிகிரி உசத்தி. பர்கூரிலேயே 98 சொச்சம்தான். ஐஸ் தண்ணிக்கு இந்தப் பிரச்னை கிடையாது. எங்கே போனாலும் 0-தான்.

ஓசூர், டைட்டன் வாட்ச் ஊர். கடிகார ஊரிலும் லாகர்களின் கடிகாரம் மட்டும் சொதப்பும். ரிப்போர்ட்டில் ‘01-01-1970, காலை 5.30’ என்று வந்திருக்கிறதா? உங்கள் ஃபேக்டரி அப்போது திறந்திருக்கவே இல்லையே என்று குழம்ப வேண்டாம். நிறைய கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் நேரத்தில் இருந்துதான் நொடிகளை எண்ணுகின்றன. கடிகாரம் பூஜ்யம் ஆகிவிட்டால் அந்தத் தேதி வரும். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் 5.30. பெரும்பாலும் குற்றவாளி, உள்ளே இருக்கிற சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி. 3 வோல்ட் ஐட்டம், பெட்டிக் கடையில்கூட கிடைக்கும். மாற்றும்போது பழைய டேட்டாவை முதலில் காப்பி எடுத்துவிடுங்கள்.

தேதியில் இன்னொரு குழி. லாகர் ‘05-07’ என்று எழுதியது ஜூலை 5. அமெரிக்க செட்டிங்கில் இருக்கிற லேப்டாப்பில் எக்செல் அதை மே 7 ஆக்கும். 12-ம் தேதி வரை மாசம் மாறி விளையாடும், 13-ல் இருந்து தேதியாகவே ஏற்காது. கிராஃப் பாதியில் பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அதே எக்செல்லில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிதான். செகண்டுக்கு ஒரு ரீடிங் வைத்தால் நாளைக்கு 86,400 வரி. பன்னிரண்டே நாளில் ஹவுஸ்ஃபுல்! அதற்காக அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்று என்று வைத்தால், நடுவில் அரை நிமிஷம் சூடு இறங்கி ஏறியது தெரியவே தெரியாது. எவ்வளவு வேகமாக மாறுகிற சமாச்சாரம் என்று பார்த்துத்தான் இடைவெளி வைக்க வேண்டும்.

ஓசூர் ஷெட்களில் மோட்டார் வேகத்தை மாற்றுகிற டிரைவ்கள் ஏராளம். அது ஓடும்போது மட்டும் ரீடிங் தாறுமாறாக ஆடினால், சென்சார் வயரையும் மோட்டார் கேபிளையும் ஒரே டிரேயில் கட்டிப்போட்டிருப்பார்கள். பிரித்துவிடுங்கள். ஷீல்டை பொதுவாக ஒரு முனையில் மட்டும் எர்த் பண்ணுங்கள். 4-20 மில்லி ஆம்பியர் லைன் என்றால் இன்னும் ஈசி. பூஜ்யம் அளவுக்குக்கூட 4 ஓடணும். 0 வந்தால் வயர் கட். அதைக் கண்டுபிடிக்கத்தான் பூஜ்யத்தில் ஆரம்பிக்காமல் 4-ல் ஆரம்பித்தார்கள். ரீடிங் சரியாக இரண்டு மடங்கு வருகிறதா? சென்சார் 0-100, லாகரில் 0-200 என்று யாரோ செட் பண்ணியிருப்பார்கள். பல மீட்டர்களை ஒரே லைனில் கோக்கிற ஆர்.எஸ்-485 என்றால், ஏ, பி வயர்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். எழுத்துகளைக் கம்பெனிக்குக் கம்பெனி உல்டாவாக அச்சடிக்கிறார்கள். இரண்டு மீட்டருக்கு ஒரே அட்ரஸ் இருந்தாலும் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி, எதுவும் புரியாது. கிளாஸ் ரூம் மாதிரி!

இதையெல்லாம்விட பெரிய வைரஸ் ஒன்று இருக்கிறது. அது பெட்டிக்குள் இல்லை. கரன்ட் போய் 25 நிமிஷம் ரீடிங் இல்லையென்றால், முன்னாலும் பின்னாலும் இருப்பதைப் பார்த்து நடுவில் ‘91, 91, 90’ என்று எக்செல்லில் நிரப்பிவிடுகிற பழக்கம். எங்கே கற்றுக்கொள்கிறார்கள் என்று கேட்கவே வேண்டாம். லேபில் கிராஃப் நேர்க்கோடாக வர, ரீடிங்கை ‘அட்ஜஸ்ட்’ பண்ணுகிற காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்தானே? காலேஜில் அதற்குப் பத்துக்குப் பத்து. இங்கே அதே வேலையைச் செய்தால், ஒரு வெற்றிடத்தை மறைக்கப்போய் மற்ற எல்லா வரியையும் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறீர்கள். நிரப்பியது என்று கண்டுபிடிக்கப்பட்டால் முதலில் மாட்டுவதும் நைட் ஷிஃப்டில் நின்ற கான்ட்ராக்ட் ஆள்தான். என் ஓட்டு, காலியாகவே விடுவதற்கு. பக்கத்தில் காரணம், நேரம், கையெழுத்து.

அந்த ஆபரேட்டர் அண்ணனைக் காப்பாற்றியதும் அதுதான். ஐஸ் டம்ளர் பெட்டியின் பொய்யை மட்டும்தான் நிரூபித்தது. அவர் தூங்கவில்லை என்று நிரூபித்தது எண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டு. ஃபேக்டரியின் சொந்த மீட்டர் ரெக்கார்டை எடுத்து, நோட்டோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்தார்கள். ஒரு டிகிரி முன்னே பின்னே, ஒத்துப்போனது. நடுவில் ஒரு வரி மட்டும் நம்பர் இல்லாமல் இருந்தது. ‘2.30 - பார்க்கவில்லை. பம்ப் லீக், அங்கே இருந்தேன்.’

தர சோதனை பண்ணுகிற மேடம் அந்த வரியில் விரலை வைத்தார். மெயின்டனன்ஸ் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதில் 2.20-க்கு பம்ப் சீல் மாற்றின என்ட்ரி இருந்தது. பேட்ச் ரிலீஸ் ஆனது. குட்டி லாகருக்கு மூணாவது வயர் இழுத்தார்கள்.